வெளிச்சத்துக்கு வராத பாசி

குருநகர்
19.01.2025

ஜெயனி அறிவது,

நான் அக்கா மார்கிரட். கையெழுத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். ஆறு வருஷமாக எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நீ நினைக்கலாம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டி வந்தது, அவ்வளவுதான். சுகம் விசாரிக்க எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். மதிலுக்கு வெளியே வராமல், ஒருவரோடும் கதைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் செபம் பண்ணுகிற ஆளுக்கு என்ன வரப்போகிறது.

போனில் கேட்கலாமென்றால் உங்கள் மடத்தில் ஒருவரும் போனுக்கு வரமாட்டீர்களாம். கடிதம்தான் வழி என்று பங்குச் சுவாமி சொன்னார்.

விஷயம் இதுதான். நானும் பக்கத்து வீட்டு லவீனாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து கடலில் இலைப்பாசி வளர்க்க வெளிக்கிட்டிருக்கிறோம். கரையோரக் கல்லில் மெல்லிசாகப் பச்சைத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். இப்போது இங்கே கடலட்டைப் பண்ணைகள் வந்துவிட்டன. குஞ்சு அட்டைக்குத் தீனியாக இந்தப் பாசியைக் காயவைத்து அரைத்துத் தந்தால் எடுப்போம் என்கிறார்கள். லவீனா புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவள், உனக்குத் தெரியும். நண்டுச் சதை எடுத்து எடுத்து அவளுடைய விரல் எல்லாம் வெடித்துப்போய் இருக்கிறது. சோற்றைப் பிசையவே கஷ்டப்படுகிறாள்.

கடற்றொழிலாளர் சங்கம் முழங்கால் தண்ணீரில் ஒரு துண்டு தந்திருக்கிறது. எனக்குத் தெரிய எங்கள் கரையில் பெண்களின் பேருக்குக் கடல் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதையும் ஒழுங்காகத் தரவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு சங்கக்காரர் வந்து பார்ப்பார்களாம். வலையில் பச்சை பிடித்திருந்தால் துண்டு எங்களுக்கு. இல்லையென்றால் யாகப்பு அண்ணைக்கு. அவர் அதில் இறால் கூடு போடக் கேட்டு நாலு வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

நாங்கள் பாசியைப் பிய்த்துக்கொண்டு வந்து வலையில் கட்டிப் பார்த்தோம். எல்லாம் அழுகிப் போயிற்று. பல்கலைக்கழகத்தில் நீ படித்ததெல்லாம் இந்தப் பாசிதானே. எங்கள் குளிக்கிற வாளியையும் விடாமல் பாசி போட்டு வைத்தாய். நான் பேசாத பேச்சில்லை. அந்தச் சனியன் எப்படிக் குட்டி போடும் என்று எழுது. அதற்கு மேல் ஒன்றும் எழுதத் தேவையில்லை.

மார்கிரட்


29.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிட்டத்தட்டத் திரும்பி வந்திருக்கும். உறையில் “ஜெயனி” என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இங்கே ஒருவரும் இல்லை என்று வாசல் சகோதரி தபால்காரரிடமே கொடுக்கப் பார்த்திருக்கிறார். குருநகர் முத்திரையைக் கண்டுவிட்டுத் தலைவி அம்மாதான் வாங்கி வைத்தார். அவருக்கு நன்றி. உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. நீங்கள் என்னைப் பேசி எழுதியிருந்தாலும் எனக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆகையால் வேளைக்குச் சாப்பிடுகிற ஆள் என்ற குற்றச்சாட்டு இந்தக் கிழமைக்குப் பொருந்தாது.

பாசிக்கு வருகிறேன். என்னிடம் இப்போது புத்தகங்கள் இல்லை. ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன்.

அது விதையாலும் முளைக்காது, கிளை வெட்டி நட்டாலும் வராது. நீங்கள் ஒரு கல்லில் காணும் இலைப்பாசி ஒரே கூட்டம் இல்லை. இரண்டு தலைமுறை அதில் கலந்து நிற்கிறது. ஒரு தலைமுறை கண்ணுக்குத் தெரியாத நீந்தும் அணுக்களைத் தண்ணீரில் விடும். அவை புணரிகள். சோடி சேர்ந்தால்தான் முளைக்கும். அப்படி முளைத்துப் பெரிதாகும் பாசி புணரி விடாது, வித்தி விடும். வித்திக்குச் சோடி வேண்டாம், தனியாகவே ஒட்டி முளைக்கும். அதிலிருந்து வரும் பாசி திரும்பவும் புணரி விடும். இப்படி மாறி மாறியே போகும். குணத்தில் பிள்ளை தாயைப் போல இராது, பேரப்பிள்ளைதான் தாயைப் போல இருக்கும். எங்களுக்குப் படிப்பித்த பேர் சந்ததிப் பரிவிருத்தி. தென்னையிலும் இது உண்டு, ஆனால் ஒரு தலைமுறை பூவுக்குள் ஒளிந்துகொண்டு இருப்பதால் நாங்கள் காண்பதில்லை. இலைப்பாசியில் இரண்டும் வெளியேதான் நிற்கும். ஒரே அளவு, ஒரே நிறம். இலையைப் பார்த்து இது எந்தத் தலைமுறை என்று சொல்ல எங்கள் விரிவுரையாளராலும் முடியாது. ஆகவே நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பறுவமோ அமாவாசையோ கழிந்த இரண்டாம் மூன்றாம் நாளில், ஓரம் மஞ்சள் பிடித்த இலைகளை எடுங்கள். துடைத்து, ஈரச் சாக்கில் சுற்றி இரவு நிழலில் வையுங்கள். விடிய நல்ல கடல் தண்ணீரில் போட்டு வெளிச்சம் படவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் தண்ணீர் பச்சையாகும். அந்தப் பச்சை கூடுகிற பக்கத்தில் வலையை விட்டு எடுங்கள்.

கையெழுத்தை நீங்கள் கூப்பிட்ட பேரிலேயே வைக்கிறேன். மடத்துப் பேர், மூன்று வருஷத்துக்கு முன் என் துறவற வார்த்தைப்பாட்டுக்கு அனுப்பிய அழைப்பு அட்டையில் இருக்கிறது. நீங்கள் வரவில்லை. அதற்காக எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

அன்புடன்
ஜெயனி


குருநகர்
20.02.2025

ஜெயனி,

பச்சை வந்தது.

பறுவம் கழிந்த மூன்றாம் நாள் விடிய, சமையலறை யன்னலுக்குக் கீழே பெரிய பேசினில் போட்டோம். முக்கால் மணித்தியாலம் ஒன்றும் இல்லை. “அக்கா, உங்கடை தங்கச்சி பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டா” என்று லவீனா சொல்லி வாய் மூடவில்லை, யன்னல் பக்கமாகத் தண்ணீருக்குள் புகை மாதிரிப் பச்சை வந்து கூடியது. நாலு பெண்களும் பேசினைச் சுற்றிக் குந்தியிருந்து படம் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம். சோறு அடிப்பிடித்துப் போனது.

வெளிச்சத்துக்கு வருவதைப் பிடிக்க எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? லைற் வைத்துக் கணவாய் பிடிக்கிற ஊரில் பிறந்த பெண்கள். வலையை யன்னல் பக்கத்தில் விட்டு அள்ளு அள்ளென்று அள்ளினோம். எட்டுச் சட்டத்தில் கட்டி அன்றைக்கே கடலில் இறக்கியாயிற்று. யாகப்பு அண்ணை வள்ளத்தில் போகும்போது பார்த்துவிட்டு, “என்ன பிள்ளையள், கொடியிலை உடுப்புக் காயப்போடுறியளோ?” என்று கேட்டார். வைத்துக்கொள்ளட்டும்.

நீ எழுதியது உதவியாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை விரிவுரையாளராக வந்திருக்கலாம். பாசியும் பிள்ளைகளும் என்று பிழைத்திருக்கலாம். சரி, விடு.

அந்த அட்டை வந்தது. பிரிக்கவில்லை. உடுப்புப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. ஜெயனி என்று பேர் வைத்தது நான். அம்மாவுக்கு வேறு பேர்தான் பிடித்திருந்தது, நான் அழுது அடம்பிடித்து இந்தப் பேரை வைத்தேன். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நீ வேறு என்ன பேரைப் போட்டுக்கொண்டாய் என்று அறிய எனக்கு ஆசையில்லை.

மார்கிரட்


01.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வலை இறக்கியதை மடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். மத்தியானச் செபத்தில் உங்கள் எட்டுச் சட்டத்துக்கும் சேர்த்துச் செபித்தோம். பதினொரு சகோதரிகளில் ஒன்பது பேர் கடலைக் கண்டதேயில்லை. வலைக்கு ஏன் சட்டம் என்று கேட்டார்கள். படம் கீறிக் காட்டினேன்.

அவசரமாக எழுதுகிறேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கின்படி தவக்காலம் முழுக்க நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாசிப்பதுமில்லை. வருகிற கடிதங்களைத் தலைவி அம்மா தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுவார், உயிர்த்த ஞாயிறன்று தருவார். நீங்கள் எழுதினாலும் ஏப்ரல் இருபதுக்குப் பிறகுதான் என் கைக்கு வரும். சங்கம் பார்க்க வருகிற நாளுக்கு ஒரு கிழமைதான் அப்போது மிச்சம் இருக்கும். என்னை மன்னியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் “யன்னல் பக்கம்” என்று எழுதியதை வாசித்ததில் இருந்து மனதில் ஒரு முள் குத்துகிறது. வெளிச்சத்தைப் பற்றி நான் ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். என்ன என்று பிடிபடுகுதில்லை. ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

பேரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் எதையும் கழற்றி எறியவில்லை அக்கா.

அன்புடன்
ஜெயனி


குருநகர்
12.03.2025

ஜெயனி,

நீ இதை இப்போது வாசிக்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். லாச்சிக்குள் கிடக்கட்டும். எனக்கு ஆரிடமாவது கத்தவேண்டும். இங்கே கத்தினால் லவீனா அழுகிறாள்.

வலை வெறும் வலை. இருபத்தைந்து நாள். எட்டுச் சட்டத்திலும் ஒரு பச்சைப் பொட்டு இல்லை. இறக்கிய மூன்றாம் நாளே கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது, கண் மயக்கம் என்று நினைத்தேன். இன்றைக்குத் தூக்கிப் பார்த்தால் கடையில் வாங்கின அன்று இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கிறது. நீ ஒன்றும் தவறாக எழுதவில்லை என்று முதலில் எல்லோருக்கும் சொன்னேன். பிறகு உன் மற்றக் கடிதம் வந்தது. மனதில் முள் குத்துகிறதாம். உனக்கு முள், எனக்கு எட்டுச் சட்டம்.

எப்போதும் இப்படித்தான். நடுவில் விட்டுவிட்டுப் போவாய். உனக்கு ஐந்து வயதில் அம்மா செத்தா. எனக்கு இருபத்துமூன்று. அந்த வருஷம் பாசையூரில் இருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள், உனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி என்று அவர்கள் கேட்டார்கள், வேண்டாம் என்று நான் சொன்னேன். அதற்காக நான் ஒருநாளும் கவலைப்படவில்லை. நீ கட்டுவாய், உன் பிள்ளைகள் இந்த வீட்டில் ஓடித் திரியும், அதுகளைத் தூக்கி வைத்திருப்பேன் என்று ஒரு எண்ணம் இருந்தது. அது பெரிய ஆசையா? பட்டம் வாங்கி ஆறு மாதத்தில், “அக்கா, எனக்கு ஆண்டவரின்ரை கூப்பிடுதல் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு சின்னப் பையோடு வெளிக்கிட்டாய். நான் ஏசினேன். கதவைச் சாத்தினேன். பஸ் நிலையத்துக்கு வரவில்லை. நீ போனபிறகு உன் பாசி வாளியைக் கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டு, அங்கேயே இருந்து அழுதேன்.

எழுதியாயிற்று. இனி அந்த லாச்சிக்குச் சாவி போட்டுப் பூட்டட்டும்.

மார்கிரட்


குருநகர்
02.04.2025

ஜெயனி,

இதுவும் லாச்சிக்குத்தான். ஆனால் நீ வாசிக்கும் நாளில் இரண்டையும் ஒன்றாக வாசிப்பாய் என்பதால், முதல் கடிதத்தோடு நின்று நீ அழுதுகொண்டிருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

முந்தாநாள் அமாவாசை கழிந்த இரண்டாம் நாள். கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று இரண்டு இடத்துப் பாசி எடுத்தேன். ஒன்று இறங்குதுறைக் கல்லில் இருந்து, போனமுறை எடுத்த அதே இடம். மற்றது எங்கள் சட்டம் கட்டியிருக்கிற தடிகளில் தானாக ஒட்டியிருந்தது. வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. தனித்தனி ஜாம் போத்தலில் போட்டேன். கீழே வைத்தால் லவீனாவின் பிள்ளைகள் தட்டிவிடும் என்று திருஇருதய ஆண்டவர் படத்துத் தட்டில், பல்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தேன். விடியச் செபத்துக்குப் பல்பைப் போட்டோம். செபமாலையில் மூன்றாம் காரணிக்கம் சொல்லும்போது லவீனா முழங்காலில் நின்றபடியே என்னை இடித்தாள்.

“அக்கா, ஒண்டு லைற்றுக்கு வருது. மற்றதைப் பாருங்கோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகுது.”

உண்மைதான். கல்லுப் பாசியின் பச்சை பல்பைத் தேடி வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. தடிப் பாசியின் பச்சை பல்புக்கு எதிர்ப் பக்கம் போய் மூலைக்குள் ஒதுங்கி நின்றது. போத்தல்களைத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே மாதிரி. எத்தனை அருள்நிறை சொன்னோம் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது, மாதா பொறுத்துக்கொள்ளட்டும். இரண்டு போத்தலிலும் ஒவ்வொரு வலைத்துண்டு விட்டு மத்தியானம் எடுத்து உப்புத் தண்ணீரில் அலசினேன். வெளிச்சத்துக்கு வந்தது அத்தனையும் கழுவுண்டு போனது. ஒதுங்கிப் போனது பிடித்த பிடி விடவில்லை, நகத்தால் சுரண்டினேன், அப்போதும் விடவில்லை.

எங்கள் பிழை அதுதான். வெளிச்சத்துக்கு வருவதைத்தான் பிடிக்கவேண்டும் என்று பழகிய கை. கணவாய்க்கு அது சரி. இதற்கு நேர்மாறு. பிறகு தடிப் பாசி முழுவதையும் வழித்தெடுத்து, இரவு சாக்கில் சுற்றி வைத்து, விடிய வலையைப் பேசினின் அடியில் விரித்து, வெளிச்சத்தை மேலே விட்டோம். பச்சை எல்லாம் அடிக்கு இறங்கியது. இன்றைக்கே எட்டுச் சட்டத்தையும் திரும்ப இறக்கிவிட்டோம். நாள் காணுமோ தெரியாது. இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

அந்த ஒதுங்கிப் போன பச்சையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்கு உன் எண்ணம் வந்தது. இதற்கு மேல் எழுதமாட்டேன், நீ பெரிதாக எடுத்துவிடுவாய்.

அக்கா


21.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்ததும் தலைவி அம்மா லாச்சியைத் திறந்து இரண்டு கடிதத்தையும் தந்தார். திகதி பார்த்து முந்தியதை முதலில் வாசித்தேன். வாசித்துவிட்டு மற்றதைப் பிரிக்கப் பயந்து, காலைச் சாப்பாட்டுக்குப் போகாமல் அப்படியே இருந்தேன். தலைவி அம்மா வந்து பக்கத்தில் இருந்து, “பிரியுங்கோ பிள்ளை, ஆள் இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறா எண்டால் கைவிடேல்லை எண்டுதான் அர்த்தம்” என்றார்.

முள் எது என்று இப்போது தெரிகிறது. வெளிச்சத்துக்கு வருவது புணரி, விலகிப் போவது வித்தி. என் ஆய்வுக்காக முப்பத்தெட்டு நாள் இதே இரண்டு போத்தலை வைத்துக்கொண்டு இருந்தவள் நான். அதை மறந்துபோய், “யோசிக்கவே வேண்டாம்” என்று பெரிய ஆள் போல எழுதினேன். என் பிழையால் உங்களுக்கு ஒரு மாதம் போனது. மன்னியுங்கள். நான் மறந்ததை நீங்கள் செபத்தட்டில் வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள். வாசிக்கும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்களுக்கு அது மௌன நேரம்.

புணரியையும் குறை சொல்லாதீர்கள். அவை வெளிச்சத்துக்கு வருவது சோடி தேடித்தான், எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தால்தானே ஒன்றை ஒன்று காணும். சேர்ந்ததும் அவையும் வெளிச்சத்தை விட்டுக் கீழே இறங்கி ஒட்டும். உங்கள் கல்லுப் பாசி எல்லாம் ஒரே பாலைச் சேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும், சேர ஆள் இல்லை. இரண்டு தலைமுறையில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது இல்லை. ஆகையால் கல்லுப் பாசியை வழித்து எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். சங்கத்தில் யாரேனும் “இது தானாகப் பிடித்த பாசி, எந்தக் கயிற்றிலும் பிடிக்கும்” என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அந்த இரண்டு போத்தலையும் அவர்கள் முன்னால் வையுங்கள். ஞாயிறு அமாவாசை, இரண்டு நாள் முந்தினாலும் கொஞ்சம் விடும். ஓரம் மஞ்சளான இலையைச் சனிக்கிழமையே சாக்கில் சுற்றி வைத்திருங்கள்.

பாசையூர்க்காரர் வந்து போனது எனக்குத் தெரியாது அக்கா. ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லை. வித்திக்குச் சோடி வேண்டாம் என்று நான்தான் எழுதினேன், எழுதும்போது உங்களை நினைக்கவில்லை. நேற்று நினைத்தேன். நீங்கள் ஒருத்தியாக நின்று ஒரு பிள்ளையை முளைக்க வைத்தீர்கள். எனக்கு எழுத்து, நீச்சல், செபம், பிடிவாதம் எல்லாம் உங்களிடம் இருந்து வந்தது. நான் இங்கே காலை நாலரைக்கு எழும்பி முதலில் சொல்லுவது உங்களுக்கான நன்றிதான். ஆறு வருஷமாக ஒருநாளும் தவறவில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்ததால் பயமாக இருந்தது.

தங்கச்சி
ஜெயனி


குருநகர்
04.05.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் சங்கம் வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வலை பிடித்தது. பெரிய வளர்த்தி இல்லை, விரல் நீளம்தான். ஆனால் எட்டிலும் பிடித்தது, நெல்லு நாற்று மாதிரி நெருக்கமாக. ஞாயிறு பூசை முடிந்து சங்கத்தில் இருந்து எட்டுப் பேர் வந்தார்கள். செயலாளர் றஞ்சித் கொப்பியும் பேனையுமாக முன்னால் வந்தான். பார்த்தார்கள், தொட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீ எழுதியதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி யாகப்பு அண்ணை சொன்னார்: “உது என்ன புதினம்? என்ரை நங்கூரக் கயித்திலையும்தான் பாசி பிடிக்குது. அதுக்காக நான் கடல் கேட்டனானோ?” நாலைந்து பேர் சிரித்தார்கள். லவீனாவின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு வாயில் நல்ல வார்த்தைகள் வந்தன, ஞாயிற்றுக்கிழமை என்று விழுங்கிக்கொண்டேன்.

“அண்ணை, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ” என்று எல்லோரையும் சங்கக் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கதவையும் யன்னலையும் சாத்தினோம். மேசையில் இரண்டு போத்தல். முதலில் இரண்டு இலையையும் அவருடைய கையில் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்னேன். முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். “இரண்டும் ஒண்டுதான்” என்றார். பிறகு லவீனா நடுவில் நின்று தன் போன் லைற்றைப் போட்டாள்.

கால் மணித்தியாலம் காத்திருந்தோம். ஒரு போத்தல் லைற்றுக்கு வந்தது, ஒரு போத்தல் விலகிப் போனது. யாகப்பு அண்ணை கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்தார். நாற்பது வருஷம் லைற் வைத்துத் தொழில் செய்த மனிசன். “வெளிச்சத்துக்கு வராத ஒண்டைப் பிடிச்சிருக்கிறாளவை” என்று மெதுவாகச் சொன்னார். சிரித்துச் சொல்லவில்லை. பிறகு எழும்பி, “எழுது றஞ்சித், துண்டு பொம்பிளையளுக்குத்தான். நான் வேறை இடம் பாக்கிறன்” என்றார். லவீனா வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, எனக்கு வேலை இருந்தது.

வேலை என்னவென்றால், றஞ்சித் கொப்பியில் எங்கள் நாலு பேரின் பேரையும் எழுதிவிட்டு, உதவி செய்தவருக்குச் சங்கம் நன்றிக் கடிதம் அனுப்பும் என்றான். அவருடைய பேர் என்ன என்று கேட்டான். ஜெயனி என்றேன். “அது வீட்டுப் பேர் அக்கா. மடத்திலை இப்ப என்ன பேர்? கடிதம் அந்தப் பேருக்குத்தான் போகவேணும்” என்றான். எட்டு ஆம்பிளைகளுக்கு முன்னால், என் கூடப்பிறந்தவளின் பேர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? பொறு, வாறன் என்றுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உடுப்புப் பெட்டியைக் கவிழ்த்து, அட்டையை எடுத்து, நின்ற நிலையில் பிரித்தேன். வாசித்தபிறகு நிலத்தில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன்னைப் போல எனக்கும் ஒரு மௌன நேரம் வந்தது என்று வைத்துக்கொள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனேன். றஞ்சித் பேனையைத் திறந்து வைத்தபடி இருந்தான்.

“எழுது,” என்றேன். “சகோதரி மார்கிரட்.”

“அக்கா, உங்கடை பேரை முதலே எழுதிப்போட்டன். அவவின்ரை பேரைத்தான் கேக்கிறன்.”

“ஓம். அவவின்ரை பேரைத்தான் சொல்லுறன்.”

அவன் எழுதினான். இரண்டு மார்கிரட்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறது, ஒன்று மேலே, ஒன்று கீழே.

பிள்ளை, மூன்று வருஷம் உன் பேருக்கு மேல் நான் உடுப்பை அடுக்கி வைத்திருந்திருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள். அடுத்த மாதம் மதிலோரம் ஆள் வந்து பார்க்கலாம் என்று பங்குச் சுவாமி சொல்கிறார். லவீனாவையும் கூட்டிக்கொண்டு வாறேன். அந்த ஒன்பது சகோதரிகளுக்கும் காட்ட ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வரட்டா என்று தலைவி அம்மாவிடம் கேட்டு எழுது. உறையில் இந்தமுறை சரியான பேர் எழுதியிருக்கிறேன், வாசல் சகோதரி தடுக்கமாட்டா.

உன் அக்கா
மற்ற மார்கிரட்